சவரும் செல்டனும்

அன்பின் அண்ணைக்கு,
நீங்கள் எழுதும் 'சவர்' அறிவியல் கதைத் தொடரின் இரண்டு பாகங்களையும் ஒரே கிழமையில் வாசித்து முடித்தேன். நாற்பது வருசமாகக் கிணற்று மட்டத்தைக் கொப்பியில் குறித்து, ஊர் எப்போது காலியாகும் என்று கணிக்கிற கிழவர், அசிமோவின் 'Foundation' கதைகளில் பேரரசின் வீழ்ச்சியைக் கணிதத்தால் முன்கூட்டியே சொல்லும் ஹரி செல்டன்தானே? ஆர்தர் சி. கிளார்க்கின் வாடையும் அடிக்கிறது. இந்தப் பழைய ஆட்களை விட்டு எழுத முடியாதா?
– கரவெட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,
பிடித்துவிட்டீர். கிழவர் செல்டனுக்குச் சொந்தக்காரர்தான். ஆனால் கொப்பி என் அப்புவுடையது. வெங்காயத்துக்கு இறைத்து முடிந்ததும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, தண்ணி எத்தனை முடிச்சு வற்றியது என்று பென்சிலால் குறிப்பார். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கரிக்குது" என்பார். அதையும் எழுதுவார்.

கிளார்க்கிடம் எடுத்தது வேறு. 1979இல் வந்த 'The Fountains of Paradise' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டுகிறார். அது நிலநடுக்கோட்டில் நிற்க வேண்டும். இலங்கையோ வடக்கே கிடக்கிறது. மனுசன் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டு, முன்னுரையில் அதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். அப்புறம் கம்பி தன் பாரத்தை எப்படித் தாங்கும் என்பதில் கடைசிவரை ஏமாற்று இல்லை.

என் தொடரில் ஏழு வருசம் மாரி பொய்க்கிறது. அந்தப் பொய் ஒன்றுதான் என்னுடையது. மிச்சமெல்லாம் நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கணக்கு. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் ஆழம் போகப் போக உப்பு. மேல்மட்டம் 1 மீற்றர் இறங்கினால் கீழே உப்பு ஏறத்தாழ 40 மீற்றர் ஏறும் என்பது சூத்திரம். இதை விடப் பயங்கரமாக என்னால் கற்பனை பண்ண முடியாது.

மூன்றாம் பாகம்தான் இழுபடுகிறது. கணக்குச் சரியாக நடந்தால் கதை செத்துவிடும். அசிமோவுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்க வேண்டும். செல்டனின் கணிதத்துக்குள் அடங்காத மியூல் என்ற ஒருவனை 1945இல் கொண்டுவந்து, தானே கட்டிய திட்டத்தைத் தானே குழப்பினார்.

எனக்கு மியூலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1995 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது, மாட்டுக்குத் தண்ணி வைக்க ஆளில்லை என்று அம்மம்மா படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா. மூன்றாம் பாகத்தில் அவ வருவா.