பைக்குள் அடங்கும் பிஸ்டல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் சிலர், உடலோடு மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய கைத்துப்பாக்கிகளைப் பற்றி அடுத்தடுத்துக் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: கிரீன் கார்டு பெற்று டெக்சஸில் வசிக்கிறேன். இரவில் கடையை அடைத்துவிட்டுப் பணத்துடன் தனியாகக் கார் வரை நடக்க வேண்டியிருக்கிறது. கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ரூகர் எல்சிபி போதும் என்கிறார் நண்பர். விற்பனையாளரோ சிக் சவர் பி365 எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே நல்ல துப்பாக்கிகள்தாம், ஆனால் அவை ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2008இல் வெளிவந்த எல்சிபி, .380 ஏசிபி தோட்டாக்களைச் சுடும். மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) ஆறும், சேம்பரில் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் குழலின் பின்பகுதியில்) ஒன்றுமாக ஏழு தோட்டாக்கள் கொள்ளும். தோட்டாக்கள் இல்லாமல் அதன் எடை சுமார் 270 கிராம், தடிமன் சுமார் 21 மில்லிமீட்டர். 2018இல் வந்த பி365, 9 மி.மீ. தோட்டாக்கள் பதினொன்றைக் கொள்ளும். வெற்று எடையே சுமார் 505 கிராம், நீளம் சுமார் 147 மில்லிமீட்டர். தோட்டாக்களை நிரப்பியதும் அது 600 கிராமைத் தாண்டிவிடும். இடுப்புப் பட்டையில் உறை மாட்டி அணிபவருக்கு இந்த எடை பொருட்டே அல்ல. பையில் போட்டு நடப்பவருக்கோ அது தொடையில் இடித்துக்கொண்டும், துணியைக் கீழே இழுத்துக்கொண்டும், பார்ப்பவர் கண்ணுக்குத் தன் வடிவத்தைக் காட்டிக்கொண்டும் இருக்கும்.

ஆகையால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தயாரிப்பாளர் தரும் அளவுகளின்படி தடித்த அட்டையை வெட்டி, நீங்கள் அன்றாடம் அணியும் கால்சட்டையின் முன்பையில் நுழைத்து, உட்கார்ந்தும் எழுந்தும் பாருங்கள். அட்டையை விரல்களால் முழுமையாகப் பற்றி, கைமுட்டி பை வாயில் சிக்காமல் வெளியே எடுக்க முடிகிறதா என்பதே கேள்வி. பலருடைய பைகள் பி365ஐ உள்ளே விடும், ஆனால் பற்றிய கையை வெளியே விடாது.

இதைப் படித்துவிட்டு, கிடைப்பதிலேயே மிகச் சிறியதை வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான். துப்பாக்கி இலகுவாக இருக்கும் அளவுக்கு அதன் பின்னுதைப்பு கூடும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. குழல் குட்டையாகும்போது குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தூரம் சுருங்கி, குறி வைப்பதில் நேரும் சிறு பிழையும் இலக்கில் பெரிதாகத் தெரியும். எல்சிபியின் முதல் வடிவில் குறிகள் பெயரளவுக்கே இருந்தன. சிறிய துப்பாக்கி தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில் அது நன்கு பழகியவர்களுக்கான கருவி. உங்கள் பை உண்மையில் ஏற்கும் துப்பாக்கிகளில் பெரியது எதுவோ, அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் 2021இல் வந்த எல்சிபி மேக்ஸ் உங்களுக்குப் பொருந்தக்கூடும். எடை சுமார் 300 கிராம்தான் என்றாலும் பதினொரு தோட்டாக்கள் கொள்கிறது. குறிகளும் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளன. 2024இல் வெளிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்சன் பாடிகார்ட் 2.0வும் ஏறத்தாழ அதே அளவில், அதே எண்ணிக்கையில் தோட்டா கொள்வது. இரண்டையும் பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, இரண்டாவது மேகசினையும் சுட மனம் வருகிறதா என்று கவனியுங்கள். சுடவே பிடிக்காத துப்பாக்கியைக் கொண்டு எவரும் தொடர்ந்து பயிற்சி செய்வதில்லை.

பயன்படுத்திய எல்சிபியை வாங்குவதானால், வரிசை எண் 370 என்ற எண்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த வரிசையைச் சேர்ந்த முதற்கால எல்சிபிகள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதால் 2008இலேயே அவற்றைத் திரும்பப் பெற்றுச் சீராக்கித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. விற்பவரிடம் அதற்குரிய சான்று இல்லாவிட்டால், வாங்குவதற்கு முன் நிறுவனத்திடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் பெற்றுவிடுவதே நல்லது என்பேன். பள்ளிக்கு 1,000 அடி சுற்றளவில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவருக்கே விலக்கு அளிக்கிறது. காரில் நகரைக் கடக்கும் எவரும் அத்தகைய எல்லைக்குள் நுழையாமல் இருப்பது அரிது. மதுக்கூடங்களின் வாயிலில் 51% என்ற சிவப்பு அறிவிப்பைக் கண்டால், துப்பாக்கியுடன் உள்ளே போகக் கூடாது என்று பொருள்.

கேள்வி: .380 தோட்டா மனிதனை நிறுத்தாது, 9 மி.மீ.க்குக் குறைந்து எதையும் வாங்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முற்றிலும் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908இல் கோல்ட் நிறுவனத்தின் பிஸ்டலோடு அறிமுகமான .380 ஏசிபி, இத்தகைய குட்டைக் குழலிலிருந்து சுமார் ஆறு கிராம் குண்டை நொடிக்கு 260 முதல் 275 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. 9 மி.மீ. தோட்டாவோ ஏழரை அல்லது எட்டு கிராம் குண்டை அதைவிடத் தெளிவாக அதிக வேகத்தில் செலுத்தும். வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கவனிக்க வேண்டியது குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதே. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த சோதனை முறையில், குண்டு ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலமும் மிகையானால் 18 அங்குலமும் செல்ல வேண்டும். முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் குண்டுகள் .380இல் இரண்டு விதமாகத் தவறக்கூடும்: நன்றாக விரிந்தால் ஆழம் போதாமல் நின்றுவிடுகின்றன, குழியில் துணி அடைத்துக்கொண்டால் விரியாமலே ஊடுருவுகின்றன. இந்த அளவில் விரிவதைவிட ஆழத்தையே நான் பெரிதாகக் கருதுவேன்; தட்டை முனை கொண்ட, முழுதும் உலோகம் போர்த்திய குண்டுகளை அனுபவமுள்ள பலர் விரும்புவதும் அதனால்தான். எனினும் எந்தக் குண்டானாலும் உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்பதை நீங்களே சுட்டுத்தான் அறிய வேண்டும். புதிய பிஸ்டலில் பயிற்சித் தோட்டாக்கள் இருநூறாவது சுட்டுவிட்டு, அன்றாடம் வைத்துக்கொள்ளப்போகும் தோட்டாக்களிலும் ஐம்பதைச் சுட்டுப் பாருங்கள். மணிக்கட்டை இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் இந்த இலகுவான பிஸ்டல்களில் ஸ்லைடு (சுடும்போது பின்னும் முன்னும் நகரும் மேற்பகுதி) முழுமையாகப் பின்வாங்காமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். பழுது துப்பாக்கியிலா பிடியிலா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: .22 அல்லது .25 பிஸ்டல் இன்னும் சிறியதாயிற்றே?

பதில்: சிறியதுதான். ஆனால் .22 தோட்டாவின் பற்றவைக்கும் கலவை விளிம்பில் பூசப்பட்டிருப்பதால், நடுவில் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள தோட்டாக்களைப் போல அது ஒவ்வொரு முறையும் தவறாமல் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. .25 ஏசிபியில் அந்தக் குறை இல்லை, வலுவும் இல்லை. பின்னுதைப்பைத் தாங்க முடியாதவர்கள், 190 கிராம் எடைகூட இல்லாத கெல்டெக் பி32 போன்ற .32 பிஸ்டலைப் பார்க்கலாம். அதில் நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை நிரப்பினால், ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்புக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு மேகசினே அசையாமல் போவதுண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவாதத்தால் விரல்களில் வலு குறைவு. சிறிய பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. ரிவால்வர்தான் வழி என்கிறார் மகன். சரியா, ஐயா?

பதில்: அம்மா, உங்கள் மகன் பாதி வழி சரியாகச் சொல்லியிருக்கிறார். ரிவால்வரில் இழுக்க ஸ்லைடு கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்சன் 642 போன்றவற்றில் ஹேமர் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி) உள்ளே மறைந்திருப்பதால் பையின் துணியில் எதுவும் சிக்குவதுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்ட, கனத்த விசையை (டிரிக்கரை) இழுத்தாக வேண்டும். ஸ்லைடை இழுக்க முடியாத விரல்களுக்கு அந்த விசையும் கடினமாகலாம். மேலும், அரைக் கிலோவுக்கும் குறைவான இந்த ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவின் உதை மூட்டுவலி உள்ளவருக்கு எளிதாக இராது. தோட்டாக்களும் ஐந்துதான். எனவே வாங்கும் முன், கடைக்காரர் அனுமதியுடன் வெற்று ரிவால்வரின் விசையைத் தொடர்ந்து பத்து முறை இழுத்துப் பாருங்கள். முடிகிறதென்றால், தட்டையான தலை கொண்ட 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) குண்டுள்ள வாட்கட்டர் தோட்டாக்களைக் கேளுங்கள். இலக்குப் பயிற்சிக்காகச் செய்யப்பட்டவையாதலால் உதை மிதமானது, ஆழமும் குறைவதில்லை.

முடியவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. பெரெட்டா டாம்கேட் என்ற .32 பிஸ்டலில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலெழும். தோட்டாவை நேரே அதற்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டியதில்லை. 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்சன் ஷீல்டு ஈஸியின் .380 வடிவம், ஸ்லைடு எளிதாக அசையும்படியே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அது பைக்கு அடங்காது. கைப்பையில் வைப்பதென்றால், துப்பாக்கிக்கென்றே தனி அறை உள்ள பையாக இருக்க வேண்டும். அந்தப் பையை ஒரு கணமும் நாற்காலியில் மாட்டிவிட்டு நகரக் கூடாது.

ஸ்லைடை இழுக்கும் முறையையும் ஒரு பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு விரல்களால் கிள்ளி இழுப்பதற்குப் பதில், ஸ்லைடை உள்ளங்கையால் முழுவதும் பற்றிக்கொண்டு, பிடியை ஏந்திய கையை முன்னே தள்ளினால் தேவைப்படும் வலு வெகுவாகக் குறையும்.

கேள்வி: சேம்பரில் தோட்டாவோடு பையில் வைப்பது ஆபத்தில்லையா? உறை கட்டாயமா?

பதில்: உறை கட்டாயம், அதில் எந்தச் சமரசமும் இல்லை. விசையை முழுவதும் மூடும், பைக்கென்றே செய்த உறையாக இருக்க வேண்டும். துப்பாக்கியை உருவும்போது உறை பையிலேயே தங்க வேண்டுமாகையால், வெளிப்புறம் சொரசொரப்பாகவோ துணியில் மாட்டிக்கொள்ளும் வளைவோடோ இருப்பது நல்லது. அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா என்று வேறு எதுவும் இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது, உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பைக்குள் வையுங்கள்.

சேம்பரை வெறுமையாக வைத்தால், ஆபத்து வேளையில் ஸ்லைடை இழுக்க இரு கைகளும் வேண்டும். ஒரு கை தாக்குபவனைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நிரம்பிய சேம்பருடன் வைப்பதென்றால் விசையின் தன்மையைப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் எல்லோரும் குட்டையான, மெல்லிய விசையைப் பாராட்டுவார்கள். பையில் வைக்கும் துப்பாக்கிக்கோ நீண்ட, சற்றுக் கனத்த விசையே நல்லது என்று நான் கருதுகிறேன். முதல் எல்சிபியின் விசையைக் குறை சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. குட்டை விசையுள்ளதைத் தேர்ந்தெடுத்தால், கைப்பூட்டு (தவறிச் சுடாமல் தடுக்கும், கையால் இயக்கும் பூட்டு) உள்ள வடிவம் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பையில் சேரும் பஞ்சும் வியர்வையும் வேறு தொல்லை. வாரம் ஒரு முறை தோட்டாக்களை நீக்கி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்துவிட்டு, தூரிகையால் துடைத்து மிகக் கொஞ்சமாக எண்ணெய் இடுங்கள். எண்ணெய் மிகுந்தால் பஞ்சு இன்னும் ஒட்டும்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். கடையில் பணி செய்பவர் வாங்கலாம் என்கிறாரே?

பதில்: அவர் சொல்லை நம்பி வாங்காதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்1பி, எஃப்1, எல்1, அவர்களைச் சார்ந்தோரின் எச்4 ஆகியவை யாவும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா, உங்கள் மாநிலச் சட்டம் அதற்கு மேல் என்ன கேட்கிறது என்பதைக் குடியேற்றச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள். பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை; அதற்குப் பின் நாடு கடத்தலும் நேரலாம்.

கேள்வி: துப்பாக்கியுடன் நுழையக் கூடாத அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் காரிலேயே விட்டுச் செல்லலாமா? வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பதில்: காரின் கையுறைப் பெட்டி பாதுகாப்பான இடம் அன்று, கண்ணாடியை உடைப்பவன் முதலில் திறப்பது அதைத்தான். இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிக் கயிற்றால் பிணைக்கப்பட்ட, பூட்டுள்ள எஃகுப் பெட்டி வாங்குங்கள். பிறர் பார்க்கும்படி வாகன நிறுத்தத்தில் எடுத்து மாற்றாமல், அங்கே சேர்வதற்கு முன்பே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உறையோடு சேர்த்து வைத்தால் விசையைத் தொட வேண்டிய வேலையே இராது. வீட்டில், பையிலிருந்து எடுத்த துப்பாக்கி நேரே பூட்டுப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கழற்றிய கால்சட்டையோடு கதவில் தொங்கக் கூடாது. சிறிய பிஸ்டல் குழந்தையின் கைக்கும் அளவாக இருக்கும் என்பதால், அலமாரியின் உயரத்தை நம்பாமல், குழந்தைகளுக்குத் தெரியாத எண் பூட்டையே பயன்படுத்துங்கள்.