பழைய மாஸி 35: வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் பாருங்கள்

கேள்வி: அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் வைத்திருக்கிறேன். டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றி ரோட்டில் போகும்போது, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து லாக் போட்டு மிதித்தாலும் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் இரண்டு முறை டைட் வைத்தும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. இடது சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக ஈரம் தெரிகிறது. இரண்டு பக்கமும் பிரேக் லைனிங் (ஷூவின் மேல் பதித்திருக்கும் உராய்வுப் பட்டை) மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கருப்பு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மாற்றினால், புது லைனிங்கும் ஒரு போகம் தாங்காது. பார்த்து முடிக்கும்வரை பாரம் ஏற்றி ரோட்டுக்குப் போக வேண்டாம்.

வலது பக்கம் இழுப்பதால் கோளாறு வலது பிரேக்கில் என்று நினைக்காதீர்கள். வலது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடது பிடிக்காமல் உருள்கிறது. பெரும்பாலும் கதை இதுதான். (லைனிங்கில் லேசாக ஆயில் பட்டால் அந்தப் பக்கமே வெடுக்கென்று கவ்வுவதும் உண்டு.) சந்தேகம் தீர, டிரெய்லரைக் கழற்றிவிட்டு, காய்ந்த சமதரையில் இரண்டு பெடலையும் சேர்க்கும் லாக்கை எடுத்து, முதல் கியரில் மெதுவாக ஓட்டி ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பாருங்கள்; ஒவ்வொரு பெடலும் ஒரு பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். எந்தப் பக்கம் மிதித்தும் வண்டி நேரே போகிறதோ, அந்தப் பக்கத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35-ன் அமைப்புதான் உங்கள் வண்டியிலும். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 14 அங்குல டிரம், உள்ளே இரண்டு ஷூ. பிரேக் ஆயில் எல்லாம் கிடையாது. பெடல் ராடை இழுக்கும், ராடு லீவரை இழுக்கும், லீவர் கேமைத் திருப்பும், கேம் ஷூவை விரிக்கும். இரண்டு பெடலும் வலது கால் பக்கமே இருப்பதால், இடது பிரேக்குக்கான அசைவு மட்டும் ஒரு குறுக்குத் தண்டு வழியாக வண்டியைக் கடந்து போக வேண்டும். சேற்றுழவு ஓட்டிய வண்டிகளில் அந்தத் தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைப் பார்க்கலாம். பெடலை ஒருவர் மிதிக்க, நீங்கள் இடது லீவரைக் கவனியுங்கள். மிதித்தவுடன் அசைய வேண்டும், விட்டவுடன் தானே திரும்ப வேண்டும். சோம்பினால் முதல் வேலை அங்கேதான்.

அப்புறம் அந்த ஈரம். விரலில் தொட்டுத் தேயுங்கள். சேறு என்றால் நறநறக்கும். வழவழவென்று ஒட்டி, கியர் ஆயில் வாடை வந்தால் அச்சின் ஆயில் சீல் (ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது. இந்த வண்டியில் கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். லிஃப்ட் சரியாகத் தூக்கவில்லை என்று சிலர் டிப் ஸ்டிக் குறிக்கு மேல் ஊற்றிவிடுவார்கள். மிஞ்சியது அச்சுக் குழாய் வழியே வந்து சீலைத் தாண்டி டிரம்முக்குள் இறங்கும். எனவே சீலைக் குறை சொல்லும் முன் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். வண்டியை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்த இடத்தில் நிறுத்துகிறீர்களா என்பதையும் யோசியுங்கள்.

பிரிக்கும்போது முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, அச்சுக்கடியில் கனமான கட்டை வைத்துத் தாங்க விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தின் எடை தனியாளுக்கு அடங்காது. டிரம் வர மறுத்தால் சுத்தியலை ஓங்குவதற்கு முன் அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் பல் சக்கரம்) தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு விளிம்பு நிற்கும், ஷூ அதில்தான் மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்புக் காட்டிச் சில பட்டறைகளில் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சூடேறினால் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே கசியும், பெட்ரோலும் நெருப்பும் சேர்ந்த ஆபத்து வேறு. ரிவிட் தலை தெரியும் அளவு தேய்ந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் திரும்பவும் இழுக்கும், அதனால் இரண்டு பக்கமும் ஒரே தர லைனிங் போடுங்கள். டிரம்மில் ஆழமான கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். சீல் மாற்றுவது வீட்டு வேலை அல்ல. அச்சில் பேரிங்கும் காலரும் இறுக்கமாக ஏறியிருக்கும், பிரஸ் உள்ள பட்டறைதான் சரி.

உங்கள் மெக்கானிக் டைட் வைத்தது ராடிலா, அட்ஜஸ்டரிலா? ராடில் என்றால் பிடி நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போன நிலையில் ராடைச் சுருக்கினால், மிதிக்கும் முன்பே கேம் பாதி திரும்பி நிற்கும், லீவர் தன் பலத்தை இழக்கும். புது ஷூ போட்டதும் ராடு, லீவர் எல்லாம் தளர்வாக ஓய்வு நிலைக்கு வரட்டும். சக்கரத்தைத் தூக்கி, டிரம்முக்கு உள்பக்கம் மூடியிருக்கும் பேக் பிளேட் தகட்டில் உள்ள ஓட்டை வழியாகத் திருப்புளியால் அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும்வரை திருப்புங்கள். பிறகு லேசாக உரசும் சத்தத்தோடு கையால் சுற்றுகிற அளவுக்குப் பின்வாங்குங்கள். இரு பக்கமும் இப்படி முடித்த பிறகுதான் ராடு. அதை வைத்து இரண்டு பெடலும் ஒரே உயரத்தில் நிற்கும்படி, ஒரே நேரத்தில் பிடிக்கும்படி சரிசெய்யுங்கள்.

புது லைனிங் டிரம்மோடு படியக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். முதலில் டிரெய்லர் இல்லாமல் ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை மிதமாக மிதித்து நிறுத்துங்கள். இறங்கி இரண்டு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால், தொடாமலே சூடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே ஷூ விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். அட்ஜஸ்டரை இன்னும் ஒரு பல் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.