வாரத்துக்கு 4 மணி நேரம் போதவில்லை

கேள்வி: எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். இந்தத் தொல்லையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த புண்ணியவான் யார்? (வாசகர், கரூர்)

பதில்: அமெரிக்காவில் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரைத்தான் பெரும்பாலும் கைகாட்டுகிறார்கள். ஆனால் அவர் தீர்க்க நினைத்த தொல்லையே வேறு.

அந்தக் காலத்தில் புரோகிராமைத் துளைகளாகப் போட்ட அட்டைகளை, அதாவது பஞ்ச் கார்டுகளை, கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனால் விடை வர மணிக்கணக்காகும், சில சமயம் மறுநாள்கூட ஆகும், அதிலும் ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து வரிசை. 1961 நவம்பரில் கார்பட்டோ குழு ஐபிஎம் 709 என்ற கம்ப்யூட்டரில், பலர் ஒரே மெஷினைப் பகிர்ந்துகொள்ள உதவும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியது. நாம் ஒரு வரி தட்டிவிட்டு யோசிக்கிற சில நொடி, இயந்திரத்துக்கு ஒரு யுகம். அந்த நேரத்தில் அது அடுத்தவர் வேலையைப் பார்க்கலாமே! உள்ளே ஒரு கடிகாரம் இடையிடையே குறுக்கிட்டு, ஓடிக்கொண்டிருப்பவரின் புரோகிராமை நிறுத்தும். அது வெளியே போய்க் காத்திருக்க, இன்னொருவருடையது உள்ளே வரும். பின்னால் வந்த ஐபிஎம் 7094 கம்ப்யூட்டரில் நினைவகம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 32,768 சொற்கள்தான் (இங்கே சொல் என்றால் கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒரு துண்டுத் தகவல்). ஒன்று மேற்பார்வை புரோகிராமுக்கு, மற்றது நமக்கு. இதை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 30 பேர் ஒரே நேரத்தில் வேலை பார்த்தார்கள், ஒவ்வொருவருக்கும் மெஷின் தன்னுடையது மாதிரியே இருக்கும்.

சரி, பாஸ்வேர்டு? எல்லாருடைய கோப்பும் ஒரே டிஸ்கில், போதாததற்கு ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று ரேஷன் வேறு. யார் எவர் என்று தெரிய வேண்டாமா? அதற்காக வந்ததுதான். வந்த வேகத்திலேயே திருட்டும் நடந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரம் 4 மணி நேரம் போதவில்லை. 1962-இல் பாஸ்வேர்டு கோப்பின் பெயரை ஒரு கார்டில் துளையிட்டு, அச்சடித்துத் தரச் சொல்லிக் கொடுத்தார். சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்! பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்ட கதை இது.

அப்புறம் ஒரு நாள், உள்ளே நுழைந்த எல்லாருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தப் பாஸ்வேர்டு பட்டியலும் வந்து விழுந்தது. நிர்வாகிகள் இருவர், ஒருவர் பாஸ்வேர்டு கோப்பையும் மற்றவர் அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்தியிருக்கிறார்கள். எடிட்டர், அதாவது கோப்பைத் திருத்த உதவும் புரோகிராம், இரண்டுக்குமே ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு போட்டதில் ஒன்று மற்றதாகிவிட்டது. ஒரே இடத்தில் இருவர் ஒரே சமயத்தில் திருத்துவார்கள் என்று அந்த எடிட்டரை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.