செனட்டரின் மனைவி வர்ஜீனியா கிளே விருந்துகள் வழியாக எப்படி அரசியல் செய்தார்?

1850களில் வாஷிங்டனின் பெரிய வீட்டு விருந்துகளில் எல்லோரும் தேடிய சீமாட்டி, அலபாமா செனட்டர் கிளெமென்ட் கிளேயின் மனைவி வர்ஜீனியா. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம். அரசியலில் செல்வாக்குப் பெற அவர்களுக்குத் திறந்திருந்த வழி, விருந்துகளில் ஆட்களோடு பழகுவதுதான். கல்யாண வீட்டில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிற பெரியம்மாவின் செல்வாக்கு மாதிரி.

அதன் வலு 1865இல் தெரிந்தது. லிங்கன் கொலைச் சதியில் சந்தேகப்பட்டு, கணவரை மன்ரோ கோட்டையில் விசாரணையே இல்லாமல் அடைத்தார்கள். வர்ஜீனியா வாஷிங்டன் போய் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைத் திரும்பத் திரும்ப நேரில் பார்த்து வாதாடினார். 1866இல் விடுதலை கிடைத்தது. அசாத்தியமான விடாமுயற்சி அது!

அப்புறம் 1890களில் அலபாமாவின் பெண் வாக்குரிமை இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அதனாலேயே அவரை எல்லோருடைய சமத்துவத்துக்கும் போராடியவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அடிமைகளை வைத்திருந்த குடும்பம் அவருடையது, உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் உறுதியாக நின்றவர்.