ஒரு பாக்கெட், மூன்று பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

பஞ்சமும் போரும் நடக்கும் நாடுகளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். மெலிந்துபோன குழந்தைக்கென்று கொடுத்தனுப்பும் கடலைப் பசைப் பாக்கெட்டை வீட்டில் எல்லோரும் பங்குபோடுகிறார்கள் என்று அதில் வந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான். மருந்தாகக் கொடுத்ததைப் பெற்றவளே பிரித்துக் கொடுத்தால் யாரை நொந்துகொள்வது? தாய்மாருக்கு விழிப்புணர்வு கொடுத்தால் போதாதா? அரிசி பருப்பு கொடுப்பது ஒரு வேலை, குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஏன் சேர்த்துக் குழப்ப வேண்டும்?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள தம்பி,

தொண்டிக்காரர் என்பதால் மீன்பிடித் தடைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். ரேஷன் அரிசி இருப்பதால் வீட்டில் உலை கொதிக்கும். முட்டையும் பாலும்தான் முதலில் நிற்கும். பாம்பனில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, தம்பிக்கென்று அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவை அம்மா உருண்டை பிடித்து எங்கள் மூன்று பேருக்கும் கொடுப்பாள். அது தம்பிக்குரியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பார்த்துக்கொண்டு நிற்கும் மற்ற இரண்டு பிள்ளைகளை என்ன செய்வாள், சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பாக்கெட்டுக்கு வருவோம். நிலக்கடலை, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை, அதோடு வைட்டமின்களும் தாதுச்சத்துகளும். 92 கிராம், 500 கலோரி. 1996இல் பிரான்சில் உருவானது. அதற்கு முன்பு கடுமையாக மெலிந்த குழந்தையை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டும். கூடவே தாயும் இருந்தாக வேண்டும், மற்ற பிள்ளைகள் வீட்டில் தனியாகக் கிடக்கும். பாக்கெட் வந்தபின் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்றாயிற்று. வாரம் ஒருமுறை நிறை பார்த்து, ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுத்தால் போதும். 2007இல் ஐ.நா. அமைப்புகள் இதை ஏற்றுக்கொண்டன. எத்தனையோ உயிர் பிழைத்தது இதனால்தான். ஆனால் வார்டில் இருந்தவரை மருந்தில் யாரும் பங்கு கேட்கவில்லை. வைத்தியம் வீட்டுக்கு வந்தது, அங்கே பானை காலியாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழெட்டுக் கிலோ குழந்தைக்கு நாளைக்குச் சுமார் மூன்று பாக்கெட். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொன்று. நோய்ப்பிள்ளைக்குப் போனது மூன்றில் ஒரு பங்கு. எடை ஏறவில்லை என்று அட்டையில் எழுதுவார்கள், தாய்க்கு இன்னொரு தடவை வகுப்பு எடுப்பார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வேறு வேலை என்று நீங்கள் சொல்வது ஒரு விஷயத்தில் சரி. கடுமையாக மெலிந்த குழந்தையை அரிசி பருப்பால் மட்டும் தேற்ற முடியாது. கால் வீங்கியோ, பசியே எடுக்காமலோ இருக்கும் குழந்தை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் வைத்தியம் வேறு என்பதற்காக வரிசையும் வேறாக இருக்க வேண்டுமா? எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அறியக் குழந்தையின் மேல்கையில் நாடா சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஐ.நா.வின் யூனிசெஃப் பொறுப்பு, அதிலிருந்து 12.5 வரை இன்னொரு ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டத்தின் பொறுப்பு. வீட்டுக்கான அரிசியோ பணமோ வருவது இன்னொரு பட்டியலில், இன்னொரு நாளில். அந்தப் பட்டியலில் இந்த வீட்டின் பெயர் இல்லாமலே போகலாம். குழந்தையின் அட்டையைக் காட்டினாலே வீட்டுக்கும் ரேஷன் உண்டு என்று சில இடங்களில் செய்கிறார்கள். நான் கேட்பது அதைத்தான்.

சிகிச்சைக்கு முந்தைய கட்டத்திலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 2011இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். குழந்தைகள் மெலிவதற்கு முன்பே சில ஊர்களில் பணம் மட்டும், சிலவற்றில் குழந்தைக்கான சத்துணவு மட்டும், சிலவற்றில் இரண்டும் கொடுத்தார்கள். இரண்டும் கிடைத்த ஊர்களில், பணம் மட்டும் வாங்கிய ஊர்களைவிட மெலிந்த குழந்தைகள் ஏறக்குறைய பாதிதான்.

ரேஷனுக்காகப் பிள்ளையை மெலிய விட்டுவிட மாட்டார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூட்டங்களில் இதை யாராவது கேட்காமல் விடுவதில்லை. நாடா 12.5ஐத் தாண்டிய அன்றே ரேஷனை வெட்டுகிற விதியை வைத்துக்கொண்டு தாயைச் சந்தேகிப்பது என்ன நியாயம்? குணமானபின்னும் சில மாதம் கொடுங்கள், பேச்சு அதோடு முடிந்தது.

2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியின்போது, தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் இலங்கையிலிருந்து 16 பேர் வந்து இறங்கினார்களே, நினைவிருக்கிறதா? கைக்குழந்தையும் இருந்தது. அரிசி விலையையும் பால்மா விலையையும் அவர்கள் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

தடைக்காலத்தில் நிறை பார்க்கும் நாளாகப் பார்த்து உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். சத்துமாவு வீட்டில் எத்தனை நாள் தாங்குகிறது, யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று அங்கே வரும் தாய்மாரிடம் கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா