மக்தலேனா மலீவா டென்னிஸோடு வேறு என்னென்ன செய்தார்?

பல்கேரியாவின் டென்னிஸ் வீராங்கனை மக்தலேனா மலீவா விளையாட்டைத் தாண்டியும் பேசப்படுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

1975-இல் சோபியாவில் பிறந்தவர். அம்மா யூலியா பெர்பெரியான் நாட்டின் முன்னாள் சாம்பியன். மூன்று மகள்களுக்கும் அவரேதான் பயிற்சியாளர். மனுவேலா, கத்தரீனா, மக்தலேனா மூவருமே உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார்கள். ஒரே வீட்டில் இப்படி நடப்பது அபூர்வம்.

கடைக்குட்டியான மக்தலேனா 1990-இல் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் மிகப்பெரிய டென்னிஸ் போட்டிகளில் மூன்று ஜூனியர் பட்டங்களை வென்றார். 1992 அமெரிக்க ஓப்பனில், 17 வயதில், டென்னிஸ் ஜாம்பவான் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையே தோற்கடித்தார். 1996-இல் உலகின் 4-ஆம் இடம். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 2002 மாஸ்கோ போட்டிதான். வீனஸ் வில்லியம்ஸ், மொரெஸ்மோ என்று முன்னணி வீராங்கனைகளை வரிசையாக வீழ்த்திவிட்டு, இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் டேவன்போர்ட்டிடம் முதல் செட்டை 5-7 என்று இழந்தார். அடுத்ததை 6-3 என்று எடுத்து, மூன்றாவதை டைபிரேக்கரில் (6-6 என்று சமனானதும் ஆடும் முடிவாட்டம்) வென்று பட்டத்தை முடித்தார்.

2005-இல் ஓய்வு பெற்றார். அப்புறம் பயிற்சியாளர் வேலைக்கோ வர்ணனைக்கோ போய் அதோடு நின்றுவிடவில்லை. 'கொரிச்கா' என்ற சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்; இயற்கை வேளாண் உணவுத் தொழிலிலும் இறங்கினார். பெயருக்கு முகம் காட்டும் பிரபலமாக இல்லாமல், அவரே இறங்கி வேலை செய்தார் என்பதால்தான் எனக்கு அவர்மீது இத்தனை மதிப்பு.