அப்பப்பாவின் பெட்டகத்தில் பழைய ரிவோல்வர்: என்ன வகை, சுட்டுப் பார்க்கலாமா?

மட்டக்களப்புப் படுவான்கரையில் அப்பப்பாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது பெட்டகத்துக்குள் துணி சுற்றிய ரிவோல்வர் ஒன்று கிடந்ததாம். அது என்ன வகை, ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுட வேண்டாம். மண்டூரில் எங்கள் அம்மப்பாவின் பெட்டகத்திலும் ஒன்று இருந்தது. வெறும் துவக்குத்தானே என்று மாமா விசையில் விரலை வைத்தார். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார். ரவை போடும் உருளையில் நான்கு ரவை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும்.

முதலில் அதைத் தூக்காமல், டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். உருளைக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பித்தளை விளிம்பு தெரிந்தால் ரவை இருக்கிறது. தெரியாவிட்டாலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழவும் விடாதீர்கள். பழைய ரிவோல்வர் பலவற்றில், ரவையை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் நேரே ரவையின் மேல் இருக்கும். 1944இல் அமெரிக்கக் கடற்படையில் தவறி விழுந்த ஒரு ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி ரிவோல்வர் வெடித்து ஒருவர் இறந்த பிறகுதான் அந்தக் கம்பனி சுத்தியலுக்குப் புதிய தடுப்பு வைத்தது.

வகையை அதன் உடலமைப்பே சொல்லும். குழல் முன்பக்கம் மடிந்து திறக்கும் மாதிரி என்றால் அது பெரும்பாலும் வெப்ளி அல்லது என்பீல்ட் என்ற பிரித்தானிய ரிவோல்வர். பிரித்தானியப் படை 1915இல் எடுத்த வெப்ளி ஆறாம் மார்க் .455 அங்குல அளவு, 1932இல் வந்த என்பீல்ட் .38 அளவு. உருளை இடப்பக்கம் வெளியே வருகிற மாதிரி என்றால் அமெரிக்கக் கம்பனிகளான கோல்ட் அல்லது ஸ்மித் அன்ட் வெஸனுடையதாக இருக்கலாம். அம்புக்குறி பொறித்திருந்தால் அது பிரித்தானிய அரசுக்குச் சொந்தமாக இருந்தது. கிரீடத்தின் கீழ் எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் துவக்கைச் சுட்டுச் சோதிக்கும் பரிசோதனைச் சாலையின் முத்திரை. இவற்றையெல்லாம் திறந்து பார்க்காமலே படம் எடுக்கலாம். எமரித் தாள் போட்டுத் துருவைத் தேய்த்துவிடாதீர்கள், முத்திரையும் சேர்ந்தே அழிந்துவிடும்.

ஏன் சுடக்கூடாது? பழைய கரும்பொடி வெடிமருந்துக்கென்று செய்த துவக்கில் இன்றைய புகையில்லா மருந்தின் ரவையைப் போட்டால் உருளை பிளக்கலாம். '.38' என்ற பெயரிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத ரவைகள் உண்டு. நமது வாவிக்கரை உப்புக்காற்றில் எத்தனையோ வருசம் கிடந்த இரும்பு உள்ளே எவ்வளவு அரித்திருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

காணியும் வீடும் முதுசமாக வரும், துவக்கு அனுமதி வராது. 1916இல் வந்த துப்பாக்கிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இங்கே நடப்பில் இருக்கிறது. அதன்படி அனுமதி ஆளுக்கு ஆள் எடுக்க வேண்டியது. அப்பப்பாவின் பழைய அனுமதிப்பத்திரம் கிடைத்தால் பத்திரமாக வைத்திருங்கள், துவக்கு எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதுவே உங்கள் சாட்சி.

"வாவியில் எறிந்துவிடு" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். யுத்த காலத்துப் பயம் அது, எனக்கும் விளங்கும். ஆனால் நாளைக்கு அது யாருடைய வலையில் வரும், எந்தப் பிள்ளையின் கையில் அகப்படும்? பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவும் வேண்டாம். வழியில் சோதனையில் பிடிபட்டால் விளக்கம் சொல்வது பெரும்பாடு. அறையைப் பூட்டுங்கள், ஒரு சட்டத்தரணியோடு பேசுங்கள், பிறகு கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய் அவர்களையே வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எப்போது, எப்படிக் கிடைத்தது என்று கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.